நாத்தனார் கொண்டுவந்த பாட்டில்

அந்தப் பம்புக் கடைக்குள் நுழைந்து ஒரு நல்ல பம்பு வேண்டும் என்று யாராவது கேட்டால், முன்மேசையில் இருக்கும் முதலாளி வாயெல்லாம் பல்லாக எழுந்து நிற்பார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கேள்வி அக்கா எழுந்திருக்க மாட்டாள். மூக்குக் கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கிவிட்டு, "எதுக்கு?" என்பாள். அவ்வளவுதான், வந்தவர் மாட்டிக்கொண்டார். இனிமேல் பன்னிரண்டு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு வாஷரைக்கூட அவர் வாங்கிப் போக முடியாது.

கேள்வி அக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, வாங்க வந்தவர்கள் வைத்தது. முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவள் காதில் விழுந்தது. திட்டுவாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றபோது, "என்ன வேணும்?" என்று சாதாரணமாகத் திரும்பினாள். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

அவள் அந்தக் கடைக்கு வந்ததென்னவோ தொலைபேசி எடுக்கத்தான். வந்த முதல் வாரத்தில், சட்டை முழுக்கப் பச்சைப் புள்ளியோடு ஒரு பெயிண்ட் கம்பெனிக்காரர் வந்தார். அதே வருடத்தில் அவர் இரண்டு பம்பு வாங்கி இரண்டையும் எரித்தவர். முதலாளி மூன்றாவதாக இன்னும் பெரிய மோட்டார் வைத்த ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அக்கா, எதுக்கு சார் இது என்று கேட்டுவிட்டாள். மனிதர் திருதிருவென்று விழித்தார். கடை திறந்து முப்பது வருடமாக அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. பெயிண்டுக்கு என்றார். அப்புறம்தான் தெரிந்தது, முதலாளி இரண்டு தடவையும் கொடுத்தது தண்ணீர்ப் பம்பு. அதன் சக்கரம் வேகமாகச் சுற்றித் தண்ணீரை வீசியடிக்கும். கெட்டிப் பெயிண்டை அதனிடம் கொடுத்தால் சுற்றிச் சுற்றிச் சூடாகும், ஒழுங்காக ஒரு சொட்டு மேலே ஏறாது.

அன்று மத்தியானம் அக்கா, ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த பம்புக் கையேடுகளை உருவி எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். மேசை ஆடியது. அக்கா கவலைப்படவில்லை. பதினாறு வருடமாக அந்த மேசை ஆடிக்கொண்டேதான் இருக்கிறது.

படித்தது வீண்போகவில்லை. தேன்காரர் வந்தால் மெதுவாகச் சுற்றித் தள்ளுகிற பம்பைக் காட்டுவாள். தேன் அவசரப்படாது, நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள் என்பாள். சாக்லேட்காரருக்கு வெளிப்புறம் முழுக்க வெந்நீர் ஓடும் பம்பு. அது இல்லாவிட்டால் இரண்டு நாள் விடுமுறை முடிந்து வந்து பார்க்கும்போது, பம்புக்குள் பம்பு வடிவத்திலேயே ஒரு சாக்லேட் உட்கார்ந்திருக்கும். அமிலம் என்றால் இரும்பே படாத பிளாஸ்டிக் பம்பு. ஜாமில் பழத்துண்டு சிதையக் கூடாதென்றால், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெத்தென்று அள்ளித் தள்ளும் பம்பு. ஒருவர் பதினைந்து மீட்டர் ஆழக் கிணற்றுக்குப் பம்பைக் கரையில் வைத்துத்தான் இழுப்பேன் என்று நின்றார். ஏழெட்டு மீட்டருக்கு மேல் எந்தப் பம்பும் மேலே இருந்துகொண்டு உறிஞ்சாது, கீழே இறக்கித் தள்ளவிடுங்கள் என்று அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். பெரிய மோட்டார் போட்டால் எல்லாம் வரும் என்று அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். மூன்று மோட்டார் மாற்றிப் பார்த்துவிட்டு நான்காவது மாதம் திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்கா பன்னிரண்டு கேள்வியும் அச்சடித்த படிவத்தை நீட்டினாள்.

பன்னிரண்டில் பதினொரு கேள்விகளுக்கு மனிதர்கள் ஒழுங்காகத்தான் பதில் சொல்வார்கள். எவ்வளவு கெட்டி, எவ்வளவு சூடு, எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம் ஓடும் என்றால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வம்பெல்லாம் ஆறாவது கேள்வியில். "உள்ளே ஏதாவது கிடக்குமா?" கல், மண், நார், முடி, தோல், எதுவானாலும். இதைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். ஏதோ அவர் வீட்டுச் சமையலறையைப் பற்றிக் கேட்டுவிட்ட மாதிரி. பால்காரர் ஒருவர், பாலில் என்னம்மா கிடக்கும் என்று எழுந்தே நின்றுவிட்டார். சாக்கடைத் தண்ணீருக்குப் பம்பு வாங்க வந்தவர்கூட, எங்கள் சாக்கடை ரொம்பச் சுத்தம் என்று மார்தட்டினார். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

அக்கா இரண்டு வழி கண்டுபிடித்தாள். முதல் வழி, ஆறாவது கேள்வியை மூன்று தடவை கேட்பது. ஒரு தடவை நேராக. இரண்டாவது தடவை மறந்துபோன மாதிரி. மூன்றாவது தடவை, அவர் எழுந்து கதவுப் பக்கம் போகும்போது, "ஆமா, உள்ள என்னமோ கிடக்கும்னு சொன்னீங்களே, என்னது அது?" என்று. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த இடத்தில் உளறிவிடுவார்கள். இரண்டாவது வழி பாட்டில். எந்தத் திரவத்துக்குப் பம்பு வேண்டுமோ அதை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து காட்ட வேண்டும். வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும், பாட்டில் சொல்லாது என்பது அவள் கட்சி.

இந்தப் பாட்டில்களால் முதலாளிக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. ஒரு வெயில் நாளில் முதலாளி வெளியே அலைந்துவிட்டு வந்து, மேசையில் எலுமிச்சை வாசனையோடு மஞ்சளாக இருந்த பாட்டிலை எடுத்து மடமடவென்று நாலு வாய் குடித்துவிட்டார். அது பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். மருத்துவர் பார்த்துவிட்டு உயிருக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். ஆனால் சாயந்திரம் வரை முதலாளி வாயைத் திறந்தால் நுரை வந்தது. வந்தவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்கு வியாபாரம் என்றுமில்லாத அளவுக்கு நன்றாக நடந்தது. அதில் அவருக்கு இன்னும் கோபம்.

அந்தக் கோபம் ஒரு கண்காட்சியில் போய் முடிந்தது. அங்கிருந்து முதலாளி ஒரு டேப்லெட்டோடு திரும்பி வந்தார். அதில் நான்கு இடத்தில் விரலால் தட்டினால் போதுமாம், பம்பின் படமே வந்துவிடுமாம். அந்த வருடம் ஏற்கனவே இரண்டு பம்புகள் கடைக்குத் திரும்பி வந்திருந்தன. ஒன்றை வயர் மாற்றிக் கொடுத்துத் தலைகீழாகச் சுற்றவிட்டிருந்தார்கள். இன்னொன்றின் வயரை வாங்கியவர் வீட்டு நாய் கடித்துத் துப்பியிருந்தது. வீட்டில் நாய் உண்டா என்று பதின்மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. முதலாளிக்குக் காரணமெல்லாம் தேவையில்லை, எண்ணிக்கை போதும்.

"மூணாவது ஒண்ணு திரும்பி வந்துச்சுன்னா, நீங்க பின்னாடி கிடங்குல போய் வாஷர் எண்ணுங்கம்மா. இந்த நாற்காலில நான் டேப்லெட்டை வெச்சிக்கறேன்" என்றார்.

அக்கா பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, கண்ணாடியைத் துடைத்தாள். வீட்டில் அவள் பேச்சு அவ்வளவாக எடுபடாது. கணவர் கணக்கு வாத்தியார், எது சொன்னாலும் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் ம் என்பார். இந்த நாற்காலியில்தான், இரண்டு ஆலை வைத்திருக்கிற ஆள்கூட அவள் கேட்டால் நின்று யோசித்துப் பதில் சொல்கிறார். இதுவும் போய்விட்டால் கிடங்கில் வாஷர்கள் அவளுக்கு என்ன பதில் சொல்லும். அந்த வாரம் முழுக்க அவள் ஆறாவது கேள்வியை நான்கு தடவை கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை நாத்தனார் வந்தார்.

நாத்தனார் என்றால் கணக்கு வாத்தியாரின் அக்கா. ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் சலவை நிலையம் வைத்திருக்கிறார். தெருவிலிருந்து பதினொரு படி இறங்க வேண்டும். ஆறு இயந்திரங்கள், இரண்டு வேலைக்காரப் பெண்கள், பக்கத்துத் தங்கும் விடுதியின் அத்தனை படுக்கை விரிப்புகளும் அங்கே இருப்பவர்களின் துணிகளும் இங்கேதான் வெளுக்கின்றன. சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருப்பார், எங்களிடம் ஒரு பொத்தான்கூடத் தொலையாது என்று. நாத்தனார் வீட்டுக்குப் போனால் விளக்குக்கு மேல்கூடத் தூசி இருக்காது. அக்காவுக்கும் அவருக்கும் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் ஒரு சண்டை கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கம் கிடையாது. அவர் வருகிறார் என்றால் இவள் பீங்கான் கோப்பையை எடுப்பாள், இவள் வருகிறாள் என்றால் அவர் புது விரிப்பைப் போடுவார். இரண்டு பேரும் முதுகு நேராக உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கணக்கு வாத்தியாருக்கு இதில் ரொம்ப நிம்மதி.

சலவைத் தண்ணீரெல்லாம் தரைக்குக் கீழே ஒரு தொட்டியில் சேரும். அதைத் தெருச் சாக்கடைவரை மேலே ஏற்றினால்தான் அங்கே நிற்க முடியும். ஏற்றுகிற பழைய பம்பு செத்துவிட்டது. நாத்தனார் கைக்குட்டையில் சுற்றிய பாட்டிலை மேசையில் வைத்தார். கண்ணாடிப் பாட்டில், பளபளவென்று தேய்த்திருந்தது. உள்ளே இளநீலத் தண்ணீர். அக்கா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், குலுக்கினாள், மூடியைத் திறந்து முகர்ந்தாள். ரோஜா வாசனை வந்தது. அடேயப்பா, நாத்தனார் வீட்டு அழுக்குத் தண்ணீர்கூட நம் வீட்டுக் குடிதண்ணீரைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்று அக்கா நினைத்தாள்.

அங்கேதான் அவள் கோட்டைவிட்டாள். ஐந்து கேள்வியும் ஒழுங்காகக் கேட்டவள், ஆறாவது வந்ததும் நெளிந்தாள். புருஷனின் அக்காவிடம் போய் உங்கள் தண்ணீரில் என்ன கிடக்கும் என்று எப்படிக் கேட்பது. அதையும் மூன்று தடவை, மூன்றாவது தடவை கதவருகே மடக்கி. சிரித்துக்கொண்டே, இதெல்லாம் உங்களிடம் கேட்க வேண்டியதே இல்லை அண்ணி, இருந்தாலும் படிவத்தில் இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"எங்க தொட்டில ஒரு நூல்கூடக் கிடக்காதும்மா" என்றார் நாத்தனார்.

அக்கா 'இல்லை' என்று எழுதினாள். தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு உண்டு. ஆனால் அவள் வருகிறாள் என்றால் நாத்தனார் படிக்கட்டைக் கழுவ ஆரம்பித்துவிடுவார், எதற்கு வீண் சிரமம் என்று போகவில்லை. தெளிந்த தண்ணீருக்கு ஏற்ற பம்பு, உள்ளே குறுகலான வழி, நேர்த்தியான சக்கரம், மின்சாரம் குறைவாக இழுக்கும். அன்று மாலையே கொடுத்து அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் காலையில் கடைத் தொலைபேசி அடித்தது. கெட்ட நேரம், முதலாளி எடுத்துவிட்டார். நாத்தனார் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. பம்பு உறுமிவிட்டு நின்றுவிட்டதாம், அடித்தளத்தில் கணுக்கால் தண்ணீராம், விடுதியின் விரிப்புகள் மிதக்கின்றனவாம். முதலாளி தொலைபேசியை மெதுவாக வைத்துவிட்டு மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்றார். அக்கா கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பதினொரு படியில் பத்துப் படிதான் காய்ந்திருந்தன. பத்தாவது படியில் விடுதி மேலாளர் கழுத்துப்பட்டையோடு நின்று, மதியத்துக்குள் விரிப்புகள் வேண்டும் என்று வேலைக்காரப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ரோஜா வாசனை எங்கேயும் இல்லை. தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது, பஞ்சும் முடியும் அவள் காலைச் சுற்றின. மின்சாரத்தை நிறுத்தி, பம்பைக் கழற்றி, உள்ளறை மேசைமேல் தூக்கி வைத்து நான்கு போல்ட்டைத் திருகினாள். நாத்தனார் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றார்.

மூடி திறந்தது. சக்கரத்தைக் காணவில்லை. அதன் இடத்தில், சவரி முடியை உருட்டி வைத்ததுபோல நூலும் பஞ்சுமாக ஒரு பந்து இருந்தது. அக்கா அதைப் பிடித்து இழுத்தாள். மூன்று பொத்தான்கள், நாலு ஹேர்பின்கள், ஒரு ரிப்பன். அப்புறம் ஒரு காலுறை. அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் ஏழு வந்தன. ஏழும் ஏழு விதம், ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

பாட்டிலின் கதை அப்போதுதான் அவிழ்ந்தது. நாத்தனார் தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு நாள் முழுக்கத் தெளியவிட்டிருக்கிறார். மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டியிருக்கிறார். அதற்கப்புறமும் மனம் கேட்காமல் கொஞ்சம் நீலமும் நாலு சொட்டு ரோஜா வாசனையும் விட்டிருக்கிறார். சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். இயந்திரத்தின் ரப்பர் வளையத்துக்கு அடியில் காலுறை நழுவி ஓடிவிடுவது எப்போதோ ஒருமுறை நடப்பதுதானாம். இந்த ஏழுக்கும் என்ன சமாதானம் சொல்வது என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏம்மா, எல்லாத்தையும் அரைச்சித் தள்ளுற மாதிரி ஒரு பம்பு இருக்குமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

இருந்தது. வாசலிலேயே கத்தி வைத்த பம்பு, எது வந்தாலும் துண்டு துண்டாக்கி அனுப்பிவிடும். ஒரு காலுறைகூட மறுபடி யார் கண்ணிலும் படாது. இருக்கிறது அண்ணி என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே முதலாளியின் குரல் கேட்டது. மேலாளரிடம், எல்லாம் இந்தக் கேள்விகளால் வந்த வினை, இனி எல்லாம் டேப்லெட்தான் என்று அளந்துகொண்டிருந்தார்.

அக்கா மேசையைப் பார்த்தாள். இந்த ஏழு காலுறையைக் கதவுக்கு வெளியே தூக்கிக் காட்டினால் போதும். நான் கேட்டேன், இவர்தான் இல்லை என்றார் என்று படிவத்தை நீட்டினால் போதும். நாற்காலி தப்பித்துவிடும். ஆனால் படியில் நிற்பவர் விடுதி மேலாளர். சுவரில் ஆள் உயர எழுத்து. நாத்தனாரின் முகம் அக்கா இதுவரை பார்த்திராத முகமாக இருந்தது. சின்னப் பிள்ளை உண்டியலை உடைத்துவிட்டு நிற்பதுபோல நின்றார். அக்காவுக்கு அழுகையாகவும் வந்தது, எரிச்சலாகவும் வந்தது. ஏழு காலுறையையும் பொத்தானையும் ரிப்பனையும் அள்ளித் தன் கைப்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்தாள். பஞ்சுப் பந்து மட்டும் உள்ளே போகவில்லை, அதைக் கருவிப் பைக்கு அடியில் தள்ளினாள்.

கதவு திறந்தது. முதலாளி காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தார். பின்னாலேயே மேலாளரும் ஷூவைக் கழற்றிவிட்டு, காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பம்புக்குள் என்ன இருந்தது என்று முதலாளி கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். நான்தான் தப்பான பம்பைக் குடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

முதலாளி டேப்லெட்டைக் கீழே இறக்கினார். பதினாறு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் கேட்டதில்லை. பிறகு சுதாரித்துக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து கிடங்குக்கு வந்துவிடுங்கள் என்றார். சரி என்றாள். அந்தச் சமயம் பார்த்து அவள் கைப்பை ஒழுக ஆரம்பித்தது. அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாம்பல் தண்ணீர். பை என்னம்மா ஒழுகுது என்றார் முதலாளி. தண்ணீர் பாட்டில் என்றாள் அக்கா. ஜிப்பின் நுனியில் ஒரு கோடு போட்ட காலுறையின் விரல்பகுதி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் கதவிலிருந்து விலகி வந்தார். அக்காவின் தோளிலிருந்து பையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"யாரைக் கேட்டு நீ என் தப்பை உன் பையில போட்டுக்கிட்டே?"

ஜிப்பைத் திறந்து பையை மேசைமேல் கவிழ்த்தார். காலுறைகள் விழுந்தன, பொத்தான்கள் விழுந்தன, அக்காவின் சீப்பும் வீட்டுச் சாவியும் விழுந்தன. எல்லாம் என் தொட்டியிலிருந்து வந்தவை, சீப்பையும் சாவியையும் தவிர என்றார் நாத்தனார். இவள் கேட்டாள், நான்தான் ஒரு நூல்கூட இல்லை என்று வாய்கூசாமல் சொன்னேன், பாட்டிலையும் வடிகட்டித்தான் கொண்டுபோனேன் என்றார். ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும் மேலாளரைப் பார்த்து, இனிமேல் உங்கள் விரிப்புகளை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

மேலாளர் அவர் சொன்னதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. மேசையை நோக்கிக் குனிந்திருந்தார். கோடு போட்ட காலுறையை இரண்டு விரலால் தூக்கினார். தன் காற்சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கினார். காலில் நனைந்திருந்த காலுறைகளில் ஒன்றில் அதே கோடு, இன்னொன்று பழுப்பு. மூன்று வாரமாக இப்படித்தான் வேலைக்கு வருகிறாராம், மனைவியிடம் இதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டது போதாதாம். காலுறையைப் பிழிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மீதி ஆறும் விடுதியில் யார் யார் கேட்டுச் சண்டை போட்டார்களோ அவர்களுடையதாக இருக்கும், கழுவி அனுப்புங்கள் என்றார். தொலைந்ததைத் தொலைந்தது என்று சொல்கிற சலவைக்காரரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், அதற்காக மதியத்துக்குள் விரிப்பு வேண்டாம் என்று அர்த்தமில்லை என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

முதலாளி விடவில்லை. டேப்லெட்டைத் தட்டினார், சலவைத் தண்ணீர் என்று போட்டார். நீச்சல் குளத்துப் பம்பின் படம் வந்தது. உள்ளே என்ன கிடக்கும் என்று அது கேட்கிறதா என்று நாத்தனார் எட்டிப் பார்த்தார். கேட்கத்தான் செய்தது. முதலாளி அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டிருந்தார்.

"இதுகிட்ட நான் ஆயிரம் பொய் சொல்லலாம். திரும்பி எதிர்ல வந்து நிக்கவா போகுது?" என்றார் நாத்தனார்.

முதலாளி டேப்லெட்டின் திரையை அணைத்தார். அவர் மோசமான ஆள் இல்லை, தோற்றுப்போனால் ஒப்புக்கொள்ள நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நாற்காலி அங்கேயே இருக்கட்டும், ஆனால் பாட்டில்கள் என் மேசைப் பக்கம் வரக் கூடாது என்றார். டேப்லெட்டை மறுபடி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்.

அக்கா கத்திப் பம்பைக் கொடுக்கவில்லை. நாத்தனாரும் கேட்கவில்லை. சக்கரம் பின்னால் ஒதுங்கி, முன்னால் வழி அகலமாக இருக்கிற பம்பு ஒன்றைச் சொன்னாள், பஞ்சும் நூலும் மாட்டாமல் போய்விடும். தொட்டி வாயில் கைப்பிடி வைத்த ஒரு வலைக்கூடை போட்டால் காலுறை அதிலேயே தங்கும், தினமும் எடுத்து உரியவரிடம் கொடுத்துவிடலாம். நாத்தனார் சரி என்றார். கிடங்கிலிருந்து மாற்றுப் பம்பு வரும்வரை, இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட வாளிகளில் உட்கார்ந்து தண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேரம் அவர்கள் தனியாகச் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

"நீ பெரிய பெரிய ஆலைக்கெல்லாம் பம்பு குடுக்கறவ. உன்கிட்டப் போய் இந்த அழுக்கை எப்படிக் காட்டறதுன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றார் நாத்தனார்.

அக்கா காலால் தண்ணீரைத் தள்ளினாள். பிறகு, பத்தொன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அண்ணி, வாரா வாரம் உங்க கடைக்கு எங்க வீட்டுத் துணி வருதுல்ல. உங்க தம்பி சட்டைக் காலரெல்லாம் நீங்க பாத்தா என்ன நினைப்பீங்களோன்னு, நான் வீட்லயே ஒரு தடவை சோப்புப் போட்டு அலசிட்டுத்தான் குடுத்தனுப்புவேன்."

"தெரியும். ஒவ்வொரு வாரமும் மூட்டை ஈரமாத்தான் வருது. நான் என்னிக்காவது ஏன்னு கேட்டேனா?" என்றார் நாத்தனார்.